நினைவு இல்லத்து ஆவணங்கள்: புதிதாக வேலைக்கு வருபவருக்கு

ஒருவர் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக்கியிருக்கும் இடத்தில் ஆவண வேலைக்கு வருபவர் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பொது ஆவணக்காப்பகத்துக்குத் தாள்கள் வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து சேரும். நினைவு இல்லத்திலோ அவற்றில் பாதி ஏற்கெனவே அங்கேதான் கிடக்கும்: மேசை இழுப்பறையில், அலமாரியின் மேல்தட்டில், புத்தகத்துக்குள் அடையாளத் தாளாக, படச்சட்டத்தின் பின்னட்டைக்குள். எந்தத் தாள் எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் சான்றுதான். தாளை எடுத்து நகர்த்திய அடுத்த கணமே அது அழிந்துவிடும். அதனால்தான் இங்கே வேலை கேமராவில் தொடங்குகிறது.

முதல் வாரம்: எடுக்காமல் பதிவு செய்யுங்கள்

வீட்டின் தரைப்படத்தை வரைந்து ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் கொடுங்கள். அறைக்குள் வாசலுக்கு இடப்புறம் தொடங்கிச் சுற்றி வந்து, மரச்சாமான்களுக்கு அ, ஆ, இ என்று எழுத்து கொடுங்கள். இழுப்பறைகளையும் தட்டுகளையும் மேலிருந்து கீழாக எண்ணுங்கள். 3-ஆ-2 என்றால் மூன்றாம் அறை, இரண்டாவது சாமான், இரண்டாவது இழுப்பறை. இதுவே இருப்பிடக் குறி.

பிறகு படம் எடுங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் அறை முழுவதும், அடுத்து சாமான், அடுத்து திறந்த இழுப்பறை. இழுப்பறையில் மேலடுக்கை எடுத்ததும் கீழடுக்கை மறுபடி படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பிடக் குறி எழுதிய சீட்டும் ஓர் அளவுகோலும் தெரிய வேண்டும். சீட்டு இல்லாத படம் ஒரு மாதம் கழித்து எந்த இழுப்பறை என்றே தெரியாமல் போகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். ஓர் இழுப்பறையில் மருந்துக்கடை ரசீது, அதன் கீழே ஒரு கடிதம், அதன் கீழே ஒரு தந்தி என்று வைத்துக்கொள்வோம். ஆர்வமுள்ள புதியவர் ரசீதுகளை ஒரு குவியல், கடிதங்களை ஒரு குவியல், தந்திகளை ஒரு குவியல் என்று பிரித்து அழகாக அடுக்கிவிடுவார். அந்த மூன்றும் சேர்ந்து ஒரு நோயையும் அதன் முடிவையும் சொல்லிக்கொண்டிருந்தன. இனி யாராலும் அதைப் படிக்க முடியாது. ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்ற விதியை பிரான்ஸ் உள்துறை அமைச்சகம் 1841-லேயே சுற்றறிக்கையாக வெளியிட்டது. வைத்திருந்தவர் வைத்த ஒழுங்கைக் காப்பாற்றும் மூலவொழுங்கு விதி அதற்குப் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. வீட்டில் அந்த ஒழுங்கு பார்வைக்கு ஒழுங்கீனமாகவே இருக்கும். இருக்கட்டும். முதலில் அதைப் பதிவு செய்யுங்கள். அர்த்தமற்ற குவியல்தான் என்று உறுதியான பிறகு மாற்றலாம். அப்போதும் மாற்றியதை எழுதி வையுங்கள்.

யாருக்குச் சொந்தம்

வீட்டில் இருப்பதெல்லாம் அருங்காட்சியகத்தின் உடைமை என்று எண்ணிவிடாதீர்கள். சில குடும்பத்தார் இரவலாகத் தந்தவையாக இருக்கும், சில வீட்டோடு எழுதிக் கொடுக்கப்பட்டவையாக இருக்கும், சிலவற்றுக்கு எந்தத் தாளும் இருக்காது. ஒவ்வொரு வரவையும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். 2025.4 என்றால் அந்த ஆண்டின் நான்காவது வரவு. யார் கொடுத்தது, என்றைக்கு, எவ்வளவு, எந்த நிலையில், நன்கொடைப் பத்திரம் எங்கே இருக்கிறது என்ற ஐந்தும் அந்த வரியில் இருந்தாக வேண்டும். கணினியில் வைத்தாலும், பைண்டு செய்த நோட்டிலும் கையால் எழுதி வையுங்கள்.

பதிப்புரிமை வேறு விஷயம். வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தில் தாள் அருங்காட்சியகத்துடையதாக இருக்கலாம். அதிலுள்ள எழுத்தின் உரிமை பொதுவாக எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கண்காட்சிப் பலகையிலோ இணையத்திலோ போடுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

அருங்காட்சியகத்தின் சொந்தத் தாள்களையும் மறக்க வேண்டாம். சுவர்ச் சாயத்தைச் சுரண்டிப் பார்த்த அறிக்கை, கூரை பழுதுபார்த்த ஒப்பந்தம், எந்த நாற்காலியை ஏன் இந்த அறையில் வைத்தோம் என்ற குறிப்பு எல்லாம் ஆவணங்களே. ஐம்பது ஆண்டு கழித்து 'இந்தத் திரைச்சீலை அவர் காலத்ததா, நாம் மாட்டியதா' என்ற கேள்விக்கு வேறெங்கும் பதில் இருக்காது. அவற்றைக் குடும்பத் தாள்களோடு கலக்காமல் தனித் தொகுதியாக வையுங்கள்.

உள்ளே கொண்டுவரும் முன் சோதனை

தாள்களை நேரே சேமிப்பறைக்குக் கொண்டு போகாதீர்கள். தனி அறையில், வெள்ளைத் தாள் விரித்த மேசையில் பாருங்கள். இராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பை மேய்ந்ததுபோல் அரித்திருக்கும். துளைக்கும் வண்டு வட்டமான ஓட்டைகளைப் போட்டிருக்கும், கீழே மாவு போன்ற தூள் விழும். அந்தத் தூள் பழையதா புதியதா என்று தெரிய, சுத்தம் செய்து, புது வெள்ளைத் தாளின் மேல் வைத்துச் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

உயிருள்ள பூச்சி இருந்தால் மருந்தடிக்க வேண்டாம், உறைய வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, −20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம். உறைபெட்டி உண்மையிலேயே −20-ஐ எட்டுகிறதா என்று தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். உடனே பிரித்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின் மேல் நீராகப் படியும். பூச்சியிடம் தப்பியது பூஞ்சணத்திடம் மாட்டும். கண்ணாடித் தகடு, சட்டமிட்ட படம், மெழுகு முத்திரை உள்ள பத்திரம் ஆகியவற்றைப் பாதுகாப்பு நிபுணரைக் கேட்காமல் உறைய வைக்காதீர்கள்.

பூஞ்சணம் ஈரமாக, பஞ்சு போல, தொட்டால் இழுபடுவதாக இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. துடைக்காதீர்கள், துடைத்தால் நாருக்குள் இறங்கும். பையில் தனிமைப்படுத்தி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து நிபுணரை அழையுங்கள். காய்ந்து பொடியாகிவிட்டதை மட்டும் மென்தூரிகையால், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனரின் வாய் நோக்கித் தள்ளி எடுக்கலாம். முகக்கவசம் என்95 தரத்தில் இருக்கட்டும்.

மூன்று பொருள்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுத் துணிக்கட்டுப் புத்தகம் பளீரென்ற பச்சையாக இருந்தால் அந்தச் சாயத்தில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கக்கூடும். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டுத் தொட்டு, தனிப் பையில் வையுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது தன் ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஒட்டும் பதத்திலோ பழுப்புத் தூளாகவோ மாறியிருந்தால் கட்டடத்துக்குள் வைத்திருக்காமல், தீயணைப்புத் துறையையும் நிபுணரையும் அன்றே கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சுருள் அசிட்டேட் வகை. அது எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் அந்த வாடையே பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் பிரித்து வைக்க வேண்டும்.

ஒரு கடிதக் கட்டைப் பிரிப்பது

நாடா கட்டிய முப்பது நாற்பது கடிதங்கள் உங்கள் முன்னால் இருக்கின்றன. கையைச் சோப்பால் கழுவி நன்றாக உலர்த்துங்கள், கிரீம் எதுவும் பூசியிருக்கக் கூடாது. தாளுக்கு வெறும் கைதான் நல்லது. பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி குறையும், நூல் தாளின் கிழிசலில் மாட்டும். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் நைட்ரைல் கையுறை.

முடிச்சைப் படம் எடுங்கள், பிறகு அவிழுங்கள். வெட்டாதீர்கள். நாடாவை ஒரு சிறு உறையில் போட்டு அதே எண்ணை எழுதுங்கள். அந்தக் கட்டைக் கட்டியவர் யார் என்பதற்கு நாளைக்கு அது துணை நிற்கலாம்.

மேலே உள்ள கடிதத்தை எடுத்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போலக் கவிழ்த்து இடப்புறம் வையுங்கள். அடுத்ததை அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். கடைசியில் மொத்தக் கட்டையும் ஒரே திருப்பாகத் திருப்பினால் பழைய வரிசை அப்படியே இருக்கும். முகம் மேலே தெரிய ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கட்டு தலைகீழாகிவிடும். புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இது. செய்தது தெரியவும் தெரியாது.

கடிதத்தை அதன் உறையிலிருந்து எடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண். கடிதத்தில் தேதி இல்லாதபோது உறையின் அஞ்சல் முத்திரைதான் தேதி சொல்லும். மடிப்பு விரியாமல் முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். உலர்ந்த தாளைப் பலவந்தமாக விரித்தால் மடிப்பிலேயே இரண்டாகும். அதற்கு ஈரப்பதம் கொடுத்துத் தளர்த்தும் வேலை இருக்கிறது, அது நிபுணருடையது.

எண்ணை மென்மையான பென்சிலால், கடினமான தளத்தின் மேல் வைத்து, அழுத்தாமல், பின்பக்கக் கீழ் மூலையில் எழுதுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் வீட்டார் எழுதிய எண்ணோடு குழம்பாது. மேசையில் பேனாவே இருக்கக் கூடாது.

இனி துருப்பிடித்த கிளிப். பிடித்து இழுத்தால் துரு ஒட்டிய இடத்தில் தாள் ஓட்டையாகும். தாளை மேசையில் படிய வைத்து, கிளிப்புக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தாள் துண்டை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று செருகுங்கள். பெரிய வளையத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, சிறிய வளையத்தை மெல்லிய தட்டைக் கத்தியால் மேலே நெம்பி விலக்குங்கள். பிறகு பாலியெஸ்டர் மீது சறுக்கியபடி கிளிப்பை வெளியே எடுங்கள். ஸ்டேப்ளர் பின்னுக்கு, பின்பக்கத்துக் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திய பிறகு முன்பக்கமாகத் தூக்குங்கள். பல் வைத்த ரிமூவர் வேண்டாம். பிரித்த தாள்களைப் புது கிளிப்பில் மாட்டாமல், மடித்த அமிலமற்ற தாளுக்குள் சேர்த்து வையுங்கள். எந்தெந்தத் தாள்கள் ஒரே பின்னில் இருந்தன என்பதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்டு, பழுத்துப்போன செலோடேப் இரண்டிலும் கை வைக்காதீர்கள். லேமினேட் செய்வதோ எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

பழைய வீடுகளில் இன்னொன்று கிடைக்கும்: கடிதநகல் புத்தகம். ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற முறையில் உருவானது. புதிதாக எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்துவார்கள். மை அதில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கமிருந்து நேராகப் படிக்கலாம். வீட்டுக்காரர் அனுப்பிய கடிதங்கள் ஊரெங்கும் சிதறிப் போயிருக்க, அவர் குரல் வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இதில்தான். தாள் வெங்காயச் சருகு போலிருக்கும், மை நீர் பட்டால் பரவும். ஈர விரலால் புரட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது கீழே ஒரு வெள்ளைத் தாளைச் செருகினால் பின்பக்க எழுத்து குறுக்கிடாமல் தெளிவாகத் தெரியும். முன்பக்கத்தில் பெயர் அகரவரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கோப்புறையும் பெட்டியும்

அமிலமும், தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருளான லிக்னினும் இல்லாத கோப்புறை. ஒன்றில் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். கோப்புறையின் மேல் எழுத வேண்டியதைத் தாள்களை உள்ளே வைக்கும் முன்பே எழுதுங்கள், இல்லையேல் பென்சிலின் அழுத்தம் உள்ளே இறங்கும். பெட்டியில் இறுக்கித் திணிக்கவும் கூடாது, தளர விடவும் கூடாது. தளர்ந்தால் தாள்கள் வளைந்து சரியும். இடம் மிஞ்சினால் அட்டையை மடித்து முட்டுக் கொடுங்கள். பெட்டியின் எண்ணை மூடியில் மட்டும் எழுதாதீர்கள். மூடிகள் மாறும்.

சாதாரணத் தாளுக்கு 2 சதவீதம் கால்சியம் கார்பனேட் சேர்ந்த காப்புத்தாள் ஏற்றது. தாளில் ஊறிவரும் அமிலத்தை அது தணிக்கும். வீட்டின் கட்டட வரைபடம் நீல நிறப் புளூபிரிண்டாக இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். கார்பனேட் காரத்தன்மை உடையது, அந்த நீலம் காரத்தில் வெளுக்கும், ஆகவே கார்பனேட் சேராத தாள் வேண்டும். புகைப்பட உறைகளை வாங்கும்போது புகைப்படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியவையா என்று கேளுங்கள். 'அமிலமற்றது' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

கண்ணாடித் தகடுகளை நான்கு மடல் உறையில் இட்டு, நீள விளிம்பு கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். உடைந்தவை மட்டும் படுக்கையாக. பெட்டி சிறியதாக இருக்கட்டும், கனம் தாங்காமல் கீழே போட்டால் அத்தனையும் போயிற்று. ஆல்பம் படுக்கையாக. படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், அந்த வரிசையும் மூலவொழுங்குதான். பெரிய வரைபடத்தை விரித்து வைக்க இடமில்லையென்றால் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையின் வெளிப்புறத்தில் சுற்றி, மேலே தாள் போர்த்துங்கள். உருளைக்குள்ளே செருகினால் எடுக்கும்போது ஓரம் கிழியும்.

எந்த அறையில் வைப்பது

கூரையடி அறையில் வெயிலின் சூடு, நிலவறையில் ஈரம். இரண்டும் வேண்டாம். வெளிச்சுவர் குறைவாக உள்ள நடு அறை நல்லது. மேலே தண்ணீர்க் குழாயோ குளியலறையோ இருக்கக் கூடாது. கடைசித் தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் காற்று போக இடைவெளி விட்டு நிற்கட்டும்.

வெப்பம் 16 முதல் 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் என்பது வழக்கமான இலக்கு. 65 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சணம் வரும். இந்த இலக்குக்காகப் பழைய வீட்டில் பெரிய இயந்திரங்களைப் பூட்டி ஓட்டினால் சுவருக்குள் நீர் படிந்து கட்டடமே கெடலாம். வீடும் சேகரிப்பின் ஒரு பகுதி. நல்ல பெட்டி, அதற்குள் கோப்புறை, நெருக்கமாக அடுக்கிய தட்டு ஆகியவை ஏற்ற இறக்கத்தை எவ்வளவோ தணிக்கும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதியும் ஒரு டேட்டா லாகரை வைத்து ஓராண்டு அளந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

அவர் எழுதிய மேசையில் அவர் கடிதத்தையே வைக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். வெளிச்சத்தால் வெளுத்த மை திரும்பாது. 50 லக்ஸ் வெளிச்சத்தில் குறிப்பிட்ட மாதங்கள் காட்டலாம், ஆண்டு முழுவதும் கூடாது. மேசைக்கு நல்ல நகல் போதும். நகலின் பின்னால் 'நகல்' என்றும் தேதியும் எழுதுங்கள்; அடுத்த தலைமுறை ஊழியர் அதை அசல் என்று பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது.

விவரப்பட்டியல்

ஒவ்வொரு கடிதமாகப் பட்டியலிட உட்காராதீர்கள். ஆர்வம் முதல் பெட்டியிலேயே தீர்ந்துபோகும், மற்றவை இருட்டிலேயே கிடக்கும். மேலிருந்து கீழே வாருங்கள்: முழுத் தொகுதி, அதற்குள் வரிசைகள் (கடிதங்கள், கணக்குகள் என), அதற்குள் கோப்புகள். தனித்தாள் அளவில் விவரிப்பது தேவைப்படும் இடத்தில் மட்டும். சர்வதேச ஆவணக்காப்பகப் பேரவையின் ஐ.எஸ்.ஏ.டி.(ஜி) விதிமுறையில் 26 கூறுகள் இருந்தாலும் இன்றியமையாதவை ஆறுதான்: குறியீட்டெண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரணை நிலை (தொகுதியா, வரிசையா, கோப்பா என்பது). இந்த ஆறையும் முழு வீட்டுக்கும் முடித்துவிட்டு ஆழத்துக்குப் போங்கள்.

தலைப்பு 'பலவகை' என்று இருக்கக் கூடாது. 'வீட்டுச் செலவுக் கணக்கு, சமையலறை, 1891–1896, 3 நோட்டுகள்' என்றால் தேடுபவருக்குப் புரியும். ஊகித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, எதை வைத்து ஊகித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பெண்கள் தாள்களில் கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டிருப்பார்கள்; வேலைக்காரர்கள் முதற்பெயரோடு நின்றுவிடுவார்கள். சம்பள நோட்டையும் கடிதங்களையும் ஒப்பிட்டு அவர்களுடைய முழுப் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை மெதுவானது. ஆனால் அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு அப்போதுதான் நேர்மையான பதில் கிடைக்கும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பட்டியலில் மேலும் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: முதல் வாரத்து இருப்பிடக் குறி ஒன்று, தொடர்புள்ள பொருளின் எண் இன்னொன்று. சாப்பாட்டு அறைக்குப் பச்சை உறையிட்ட 12 நாற்காலிகள் என்று ஒரு பில் இருக்கிறது. இப்போது அறையில் இருப்பவை தோலுறையிட்ட 9 என்று வைத்துக்கொள்வோம். பில்லின் எண் நாற்காலிப் பதிவிலும், நாற்காலியின் எண் பில்லின் பதிவிலும் ஏறிவிட்டால், யாராவது தோலுக்கடியில் பச்சை நூல் மிஞ்சியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்.

அதே சமயம் தாள் சொல்வதை அளவறிந்து நம்புங்கள். ஆர்டர் எழுதியது வேறு, பொருள் வந்து சேர்ந்தது வேறு. இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல் அறை அறையாகப் போகும், விலை போகாததை விட்டுவிடும். அறையைக் காட்டும் பழைய புகைப்படம் படமெடுப்பதற்காகவே ஒழுங்குபடுத்தப்பட்டதாக இருக்கலாம். இரண்டு வகைச் சான்று ஒத்துப்போகும்வரை 'இருந்திருக்கலாம்' என்றே எழுதுங்கள்.

ஸ்கேன், விபத்து, வாசகர்

கடிதங்களுக்கு 400 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்), சிறிய புகைப்படங்களுக்கு 600, வண்ணத்தில், டிஃப் (TIFF) என்ற பட வடிவக் கோப்பாக. வெற்றுப் பின்பக்கம் என்று நினைப்பதையும் எடுங்கள். கோப்பின் பெயர் குறியீட்டெண்ணிலிருந்தே வரட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில்.

நீர் புகுந்தால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாததை உறைய வையுங்கள். வழவழப்பான தாள் கொண்ட இதழ்கள் காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்கு முன்னுரிமை. முதலில் காப்பாற்ற வேண்டிய பெட்டிகளின் பட்டியலும் தொலைபேசி எண்களும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் இருக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்புறை மட்டும். எடுத்த இடத்தில் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைச் செருகுங்கள். கொடுக்கும் முன் தாள்களை எண்ணுங்கள், திரும்பி வந்ததும் எண்ணுங்கள், பென்சில் எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகுதான் அட்டையை எடுத்துவிட்டுக் கோப்புறையை உள்ளே வைக்க வேண்டும்.